காரியவாதி யார்? ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகளும் ஒரு தொரப்பள்ளிக்காரரும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோர் கையிலும் ஒரு வார்த்தைப் பட்டியல் இருக்கும். அதில் இந்த ஐந்தும் கண்டிப்பாக இருக்கும்: எக்ஸ்பீடியன்ட், பிராக்மாடிக், புரூடன்ட், பாலிடிக், ஆப்பர்ச்சூனிஸ்டிக். ஐந்துக்கும் பக்கத்தில் தமிழில் கிட்டத்தட்ட ஒரே அர்த்தத்தைத்தான் போட்டிருப்பார்கள். "சமயத்துக்குத் தக்கபடி, பலனைப் பார்த்து நடக்கிற" என்கிற மாதிரி. மனப்பாடம் பண்ண அது போதும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால்தான் கஷ்டம். ஒருவரைப் பார்த்து "நீங்க ரொம்ப பிராக்மாடிக் சார்" என்றால் காபி வாங்கித் தருவார். அதே ஆளை, அதே காரியத்துக்காக, "நீங்க ஒரு ஆப்பர்ச்சூனிஸ்ட்" என்று சொல்லிப் பாருங்கள்!

செயல் ஒன்றுதான், பெயர்தான் வேறு. அப்படியென்றால் வித்தியாசம் செயலில் இருக்கிறதா, பெயர் வைக்கிறவன் வாயில் இருக்கிறதா? அகராதியைப் புரட்டி இதற்குப் பதில் கிடைக்காது. சரித்திரத்தில் தேடிப் பார்க்கலாம். அதுவும் எங்கேயோ போக வேண்டாம், நம்ம ஓசூர் கிருஷ்ணகிரி பக்கமே போதும். இங்கே முடிவெடுத்தவர்களும் கட்சி மாறியவர்களும் கொஞ்சம் பேர் இல்லை.

முதலில் தமிழில் நிலைமை என்னவென்று பார்த்துவிடுவோம். "சமயோசிதம்" என்றால் பாராட்டு. சமயத்துக்கு உசிதமானது, அவ்வளவுதான் அதன் பொருள். "சந்தர்ப்பவாதம்" என்றால் திட்டு. சமயம், சந்தர்ப்பம் இரண்டும் ஒன்றுதானே! ஆனால் ஒன்று மாலை, இன்னொன்று செருப்பு. ஓசூர் கடைவீதியில் ஒரே கடைக்காரர் ஒருத்தரிடம் தெலுங்கில் விலை சொல்வார், அடுத்தவரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார், பில் போடும்போது தமிழில் கணக்குச் சொல்வார். அதைச் சமயோசிதம் என்கிறோம். அதே கடைக்காரர் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்சிக் கொடியைக் கடை வாசலில் கட்டினால் வேறு பெயர் வைப்போம். "பிழைக்கத் தெரிந்தவன்" என்பது இன்னும் மோசம். சொல்கிறவர் எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் அது புகழா இகழா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வள்ளுவர் இதற்கெல்லாம் கூச்சப்படவே இல்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். காலம் அறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். காலம் வரும்வரை கொக்கு மாதிரி அடங்கி இரு, எதிரியைக் கண்டால் அவன் நேரம் முடிகிறவரை பணிந்து போ என்கிற பொருளில் குறள்கள் அதில் உண்டு. இதை ஒரு அரசியல்வாதி இன்று மேடையில் சொந்த வசனமாகச் சொன்னால் மறுநாள் என்ன பெயர் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள் :-)

இப்போது இங்கிலீஷ். எக்ஸ்பீடியன்ட் என்ற வார்த்தைக்குள் ஒரு கால் இருக்கிறது. லத்தீனில் "பெட்" என்பது காலைக் குறிக்கும் வேர். சைக்கிள் பெடல் அங்கிருந்து வந்ததுதான். காலில் மாட்டிய தளையைக் கழற்றி விடுவதுதான் எக்ஸ்பீடியன்ட்டின் மூலப்பொருள். காலில் தளை மாட்டுவது இம்பெடிமென்ட். ஆக, மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து காலை உருவிக்கொள்ள எது உதவுமோ அதுவே எக்ஸ்பீடியன்ட். உருவியது நியாயமா என்று அந்த வார்த்தை கேட்பதில்லை. அதனால்தான் அதற்கு இரண்டு முகம் வந்துவிட்டது. சட்டப் புத்தகங்களில் அது மரியாதையான வார்த்தை. 1860இல் இயற்றப்பட்டு 2024 ஜூன் வரை நம் தலைமேல் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் முகவுரையே, இப்படி ஒரு சட்டம் செய்வது எக்ஸ்பீடியன்ட் என்றுதான் ஆரம்பிக்கும். "உகந்தது" என்று தமிழில் சொல்லலாம். ஆனால் 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து இங்கிலீஷ் பைபிளில், ஜனங்களுக்காக ஒருவன் சாவது நல்லது என்று பிரதான ஆசாரியன் காய்பா சொல்லுகிற இடத்திலும் இதே வார்த்தைதான். தண்டனைச் சட்டத்திலும் அதே வார்த்தை, ஒரு நிரபராதியைக் கொல்லச் சொல்லும் யோசனையிலும் அதே வார்த்தை. இன்று பேச்சில் அதை யாராவது உபயோகித்தால் இரண்டாவது வாடைதான் அடிக்கிறது: வசதியானது, ஆனால் சரியா என்று கேட்காதே.

பிராக்மாடிக் கிரேக்கத்திலிருந்து வந்தது. "ப்ராக்மா" என்றால் செயல், காரியம். அப்படியே மொழிபெயர்த்தால் காரியவாதி! தமிழில் அது வசவு, இங்கிலீஷில் பாராட்டு. வேடிக்கை என்னவென்றால் 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷிலும் அது வசவாகத்தான் இருந்தது. ஊர் வம்பில் மூக்கை நுழைக்கிறவனைப் பிராக்மாடிக் என்பார்கள். 1907இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அந்தப் பெயரைத் தழுவி ஒரு புத்தகமே போட்டார். ஒரு கருத்து நடைமுறையில் என்ன வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று பார் என்பது அவர் கட்சி. வார்த்தைக்கு யோகம் அடித்தது.

மற்றவை சீக்கிரம். புரூடன்ட் என்பதில் "முன்கூட்டிப் பார்ப்பது" ஒளிந்திருக்கிறது. நம் முன்யோசனை, மதுரைப் பக்கத்துச் சூதானம். பாலிடிக் என்பது சாதுரியம், ராஜதந்திரம். 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் மதச் சண்டையைவிட நாட்டு அமைதி முக்கியம் என்று சொன்னவர்களை "பொலிதீக்" என்று இரண்டு தரப்பும் சேர்ந்து திட்டின. ஆப்பர்ச்சூனிஸ்டில் ஒரு துறைமுகம் இருக்கிறது. கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளுகிற சாதகமான காற்று என்பதுதான் அதன் லத்தீன் மூலம். அரசியல் வசவாக அது புழங்கியது 1870களின் பிரான்சில். சீர்திருத்தத்தை நேரம் பார்த்து மெதுவாகச் செய்யலாம் என்ற கம்பெத்தா கோஷ்டிக்கு எதிரிகள் சூட்டிய பெயர் அது.

கவனித்தீர்களா? ஐந்தில் மூன்று எதிராளி வைத்த வசவாக இருந்திருக்கின்றன. ஆகவே வார்த்தையை நம்பாமல் ஆட்களைப் பார்ப்போம்.

1767. ஹைதர் அலியை ஒழிக்க மூன்று பேர் கூட்டு: சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, ஹைதராபாத் நிஜாம், மராத்திய பேஷ்வா மாதவராவ். மாதவராவ் முதலில் வந்தார். மைசூருக்குள் புகுந்து, ஹைதரிடம் பெரிய தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இரண்டு பேர். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையோடு கிளம்பிய நிஜாம், பாதி வழியில் ஹைதரோடு பேசி முடித்து அந்தப் பக்கம் போய்விட்டார். ஆகஸ்டில் இரண்டு படைகளும் சேர்ந்து கணவாய்களின் வழியே பாராமகாலில் இறங்கின. பாராமகால் என்பது கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரத்தின் பழைய பெயர். காவேரிப்பட்டினம் கோட்டை ஹைதர் கைக்குப் போனது (பூம்புகார் இல்லை, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையில் இருப்பது). செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்தில் சண்டை. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொன்று. இரண்டிலும் ஸ்மித் கை ஓங்கியது. நிஜாம் கணக்குப் போட்டார். 1768 பிப்ரவரியில் கம்பெனியோடு மறுபடி ஒப்பந்தம்! ஹைதர் ஒரு கலகக்காரன், அபகரித்தவன் என்று அதில் எழுதியே கொடுத்தார். சில மாதம் முன்பு அவரோடு தோளோடு தோள் நின்றவர்.

இந்த நிஜாமுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்புவது சுலபம்: ஆப்பர்ச்சூனிஸ்ட். காற்று எந்தப் பக்கமோ பாய்மரம் அந்தப் பக்கம். ஆனால் ஒரு சங்கடம். ஹைதர் கட்டிய அரசு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு முடிந்தது. நிஜாம் வம்சம் 1948 வரை சிம்மாசனத்தில் இருந்தது. சந்தர்ப்பவாதி கடைசியில் கெட்டுப் போவான் என்று பாட்டிக் கதைகள் சொல்லும். சரித்திரம் அப்படி உத்தரவாதம் எதுவும் தருவதில்லை.

எக்ஸ்பீடியன்ட்டுக்கு உதாரணம் கம்பெனிதான். 1768இல் ஓசூர் அவர்கள் வசம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஹைதர் திரும்பி வந்து அதை முற்றுகையிட்டார். உதவிக்கு வந்த கர்னல் வுட் தன் மூட்டை முடிச்சுகளைப் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூர் நோக்கிப் போக, ஹைதர் பாகலூரில் புகுந்து அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார். (இன்று ஓசூரிலிருந்து பாகலூருக்கு டவுன் பஸ் போகிற ரோடு. அங்கே இப்படி ஒரு அவமானம் நடந்தது என்று கோட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.) 1769இல் ஹைதரின் குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்து நின்றது. கவுன்சில் நடுங்கியது. ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை. பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது. கையெழுத்துப் போட்டபோது அதைக் காப்பாற்றும் எண்ணம் கம்பெனிக்கு எவ்வளவு இருந்தது? அடுத்த வருஷமே மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. காலில் இருந்த தளையைக் கழற்றியாயிற்று, அப்புறம் என்ன?

விலை 1780இல் வந்தது. அந்த ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மறுபடி கணவாய் இறங்கினார். கர்நாடகப் பிரதேசம் எரிந்தது. பொள்ளிலூரில் கம்பெனி வாங்கிய அடியைப் பிறகு திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தவுலத் அரண்மனைச் சுவரில் சித்திரமாகவே தீட்டி வைத்தார். என் கணக்கில் புரூடன்ட்டுக்கும் எக்ஸ்பீடியன்ட்டுக்கும் வித்தியாசம் இதுதான். முன்னது அடுத்த பத்து வருஷத்தைப் பார்க்கிறது, பின்னது அடுத்த பத்து நாளை.

1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்கு வந்தபோதும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவனிடமே நேரடியாக வரி பேசும் முறையை இங்கேதான் உருவாக்கினார்கள். பிற்பாடு ரயத்துவாரி என்று பெயர் பெற்றது அது. ஆனால் ஆயிரக்கணக்கான பேரிடம் வசூலிப்பதைவிடச் சில பேரிடம் வசூலிப்பது மேலிடத்துக்குச் சுலபம். 1802க்குப் பிறகு அதே நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். பல மிட்டாக்கள் பணம் கட்ட முடியாமல் சர்க்காரிடமே திரும்பி வந்தன. மிட்டாதார் என்ற பெயர் மட்டும் இந்தப் பக்கத்தில் நிலைத்துவிட்டது.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். நிஜாமைத் திட்டுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு எந்த வார்த்தை?

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10ஆம் தேதி அந்த ஊர் முன்சீப் வீட்டில் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, ராஜாஜி. ஓசூர் அரசுப் பள்ளியில் படித்தவர். அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. அவரைப் பற்றி இரண்டு கட்சிதான் உண்டு. ஒரு கட்சிக்கு மூதறிஞர், இன்னொரு கட்சிக்குக் குல்லுகபட்டர். நடுவில் நின்று பேசினால் இரண்டு பக்கமும் அடி விழும். விழட்டும்.

1937இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார் (அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர்). அந்த அக்டோபர் 1ஆம் தேதி முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. சொந்த ஊரில்தான் முதல் சோதனை. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், இந்தச் சட்டம் அங்கே செல்லாது என்பதும் அவருக்குத் தெரியும். கள், சாராய வரி போனால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தார். இந்தியாவில் இந்த மாதிரிப் பொது விற்பனை வரிக்கு அது முன்னோடி. வியாபாரிகள் கத்தினார்கள். இதுதான் பிராக்மாடிக் என்பதற்கு என்னால் தர முடிந்த சுத்தமான உதாரணம். லட்சியம் ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடுகிறார், பணத்துக்கு வழி தேடுகிறார், கெட்ட பெயரையும் வாங்கிக்கொள்கிறார்.

1942இல் நடந்தது எந்தப் பட்டியலிலும் அடங்காது. ஊரே வெள்ளையனே வெளியேறு என்று கிளம்பிக்கொண்டிருந்த வருஷம். முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டு, லீக்கோடு சேர்ந்து தேசிய அரசு அமைக்கலாம் என்றார் இவர். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15 என்று தோற்கடித்தது. காங்கிரஸை விட்டே விலகினார். அந்த வருஷம் சந்தர்ப்பவாதி ஒருவன் என்ன செய்திருப்பான்? சும்மா ஜெயிலுக்குப் போயிருப்பான். வெளியே வரும்போது தியாகி. இவர் வெளியில் இருந்து, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் பிரிவினை வந்தே விட்டது. அதனால் அவர் சொன்னது சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. லாபத்துக்காகச் செய்தார் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அடுத்து 1952. இங்கே எனக்கு அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்த முதல் பொதுத்தேர்தல். சென்னை மாகாண சட்டசபையில் 375 இடம், காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டி இல்லை. கம்யூனிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒரு முன்னணி அமைத்து ஆட்சி கேட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. 73 வயது ராஜாஜியை அழைத்தார். அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை! கவர்னர் நியமனத்தில் மேல்சபை உறுப்பினர் ஆனார், ஏப்ரல் 10ஆம் தேதி முதல்வர் ஆனார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் வரை போனார், மனு நிற்கவில்லை. நேருவுக்கே இந்தக் கொல்லைப்புற வழி பிடிக்கவில்லை. பிறகு மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி உள்ளே வந்து, அவர் மந்திரி ஆனார். உழைப்பாளர் கட்சியின் ஆதரவும் கிடைத்தது. ஜூலையில் நம்பிக்கை ஓட்டெடுப்பில் 200க்கு 151.

சட்டத்தில் இடம் இருந்தது. கம்யூனிஸ்டுகள் வந்தால் ஆபத்து என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஜூன் மாதமே உணவு ரேஷன் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார், பயந்த மாதிரி பஞ்சம் வரவில்லை. ஆட்சி திறமையாகத்தான் நடந்தது. இருந்தாலும் முதல் தேர்தலில், முதல் முறையாக ஓட்டுப் போட்ட ஒரு கூலித் தொழிலாளி, தான் போட்ட ஓட்டுக்கும் வந்த முதல்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. காய்பா உபயோகித்த வார்த்தைதான் இதற்கு. மெஜாரிட்டி இல்லாத இடத்தில் கவர்னரை வைத்துக் காரியம் முடிக்கலாம் என்கிற வித்தையை இந்த நாட்டில் யார் யாரோ பிறகு செய்தார்கள். எல்லோருக்கும் இந்த முன்னுதாரணம் வசதியாக இருந்தது.

1953இல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம். பள்ளிக்கூடம் போதவில்லை, பணமும் இல்லை. ஆகவே கிராமப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பாவின் தொழிலைக் கற்கட்டும். இரண்டு ஷிப்ட் வைத்தால் இருக்கிற கட்டடத்திலேயே இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நடைமுறைக்கு ஏற்ற யோசனை கிடையாது. செலவு இல்லை, கட்டடம் வேண்டாம், வாத்தியாரும் அதே வாத்தியார். ஆனால் வெளுக்கிறவர் பையன் மத்தியானம் எங்கே போவான்? துறைக்கு. செருப்புத் தைக்கிறவர் பையன்? பெரியாரும் திராவிடக் கட்சிகளும் குலக்கல்வி என்று பெயர் வைத்தது இதற்குத்தான். ஒரே வார்த்தையில் திட்டத்தின் உயிர் போய்விட்டது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களே திரும்பினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது.

எனக்கு இதில் பெயரைவிட முக்கியமாகப் படுவது வேறு. இது சுயலாபத்துக்காகச் செய்தது இல்லை. பதவியைக் காப்பாற்ற நினைக்கிறவன் இதைத் தொட்டிருக்கவே மாட்டான். அவர் பார்வையில் இது சுத்தமான பிராக்மாடிக். வில்லியம் ஜேம்ஸ் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் அவர் கேட்க மறந்தார்: இதனால் நடைமுறையில் யாருக்கு என்ன வித்தியாசம் வரும்? கஜானாவின் நடைமுறையைப் பார்த்தார், வண்ணான்துறையின் நடைமுறையைப் பார்க்கவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கிற நம்மில் பலர் இன்று காலேஜ் மத்தியான வகுப்பில் தூங்குகிறோமே, அந்த மத்தியானத்தைப் பற்றிய சண்டை அது.

பிறகு பல்டிகள். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1950களின் கடைசியிலும் 60களிலும் இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்த பெரிய குரல். 1959இல் சுதந்திரா கட்சி ஆரம்பித்து நேருவின் லைசன்ஸ் ராஜ்யத்தை எதிர்த்தார். 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி. அவரைக் குலக்கல்விக்காரர் என்று தெருத் தெருவாகத் திட்டிய அதே தி.மு.க.! தி.மு.க. 137, சுதந்திரா 20. காங்கிரஸ் போனது போனதுதான். 1971இல் அப்படியே திருப்பி, பல வருஷ அரசியல் எதிரி காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். தோற்றார்.

ஆப்பர்ச்சூனிஸ்ட்? வெளியிலிருந்து பார்த்தால் நிஜாம் மாதிரியே இருக்கிறது. நாலு வருஷத்தில் இரண்டு பக்கம். ஆனால் நிஜாம் ஒவ்வொரு தாவலுக்கும் எதையோ காப்பாற்றிக்கொண்டார். 1967இல் 88 வயதுக்காரருக்கு என்ன கிடைத்தது? தி.மு.க.வுக்குத் தனி மெஜாரிட்டியே வந்துவிட்டதால் அவருடைய கட்சியின் தயவுகூடத் தேவைப்படவில்லை. மந்திரிசபையில் சுதந்திராவுக்கு இடமும் இல்லை. ஒரே கட்சி நாட்டை ஆள்வது ஆபத்து என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்காக யார் கையையும் பிடிக்கத் தயாராக இருந்தார். இதற்குப் பாலிடிக் என்று போடலாம். பிரெஞ்சு பொலிதீக்குகளைத் திட்டின மாதிரி இவரையும் இரண்டு பக்கமும் திட்டின. இந்தி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. அப்போது அதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்களில் தாளமுத்துவும் நடராசனும் உயிரோடு திரும்பவில்லை. மனம் மாறியது நல்லதுதான், கணக்குத் தீர்ந்ததாக அர்த்தம் இல்லை.

மாறவே மாறாத விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது. அது மதுவிலக்கு. 1937இல் பிடித்ததைச் சாகும்வரை விடவில்லை. 1971 ஆகஸ்டில் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, 92 வயதில், வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியிடம் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி காலமானார்.

அவர் கண்டுபிடித்த விற்பனை வரிக்கு அதன்பிறகுதான் ஓசூரில் ஒரு வேடிக்கையான மறுபிறவி. 1970களில் சிப்காட் வந்தது. அன்றைய தர்மபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கியது என்பதால் மானியம், விற்பனை வரியில் சலுகை. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். கம்பெனிக்காரர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள்: பெங்களூர் வசதி, தமிழ்நாட்டுச் சலுகை. அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது, தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டன் கடிகாரம் கொண்டு வந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் ஷெட் போட்டு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களை யாரும் சந்தர்ப்பவாதி என்று சொல்லவில்லை. புரூடன்ட் என்றுதான் பத்திரிகைகள் எழுதும். மூலதனம் தாவினால் முன்யோசனை, மனுஷன் தாவினால் பச்சோந்தி!

விற்பனை வரி 2007இல் வாட் ஆகி, 2017இல் பெரும்பாலும் ஜி.எஸ்.டி.க்குள் போனது. எல்லையில் அதற்காக நின்ற லாரி வரிசையும் போனது. ஆனால் சாராயத்தை ஜி.எஸ்.டி.யில் சேர்க்கவில்லை, அதன் வரி இன்றும் மாநிலத்துக்குத்தான். 2003 முதல் சில்லறைக் கடையும் அரசின் டாஸ்மாக்தான். கள் வருமானம் வேண்டாம் என்பதற்காக வந்த வரி நின்றது, வேண்டாம் என்ற வருமானமும் திரும்பி வந்தது, இப்போது கஜானாவுக்கு இரண்டும். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நான் யோசிக்காமல் எக்ஸ்பீடியன்ட் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.